பற்களும் ஓர் அமானிதம்

ஜுமுஆ உரை – வண்டலூர்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் அல்லாஹ்வின் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய பெரியோர்களே, அன்பான சகோதரர்களே, மேல் தளத்தில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே! முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் அல்லாஹ்வை அஞ்சி நடக்கும்படி வஸிய்யத் செய்கிறேன்.

இன்றைக்கு நான் பேசப்போகும் விஷயத்தைக் கேட்டதும், "ஹஜ்ரத், மிம்பரில் நின்று பேசுவதற்கு வேறு விஷயமே கிடைக்கவில்லையா?" என்று சிலர் நினைக்கலாம். பல்லைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதுவும் என்னுடைய தவறு ஒன்றிலிருந்து ஆரம்பிக்கப்போகிறேன்.

மக்தபில் ஒரு ஃபா

மக்தபில் ஓதும் பிள்ளைகளில் ஆறு வயதுப் பையன் ஒருவன். நல்ல நினைவாற்றல். ஆனால் ஃபலக் சூரா ஓதும்போது மட்டும் "ஃபா" சரியாக வரவில்லை. ஒருநாள், இரண்டு நாள் இல்லை, இரண்டு வாரம் திருத்திப் பார்த்தேன். ஃபா எங்கிருந்து பிறக்கும் என்று ஓதியவர்களுக்குத் தெரியும். மேல்வரிசை முன்பற்களின் நுனி, கீழ் உதட்டின் உள்பக்கத்தைத் தொட வேண்டும். "பல்லை உதட்டில் வை" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒருநாள் கொஞ்சம் கடிந்துகொண்டேன். பையன் கண் கலங்கி வாயைத் திறந்து காட்டினான். வைப்பதற்குப் பல் இல்லை. மேலே நான்கு முன்பற்களும் கறுத்து, ஈறோடு ஈறாகக் கரைந்துபோய் நின்றன.

அந்த நேரத்தில் என் மேசை இழுப்பறைக்குள் என்ன இருந்தது தெரியுமா? ஒரு மிட்டாய் டப்பா. ஒரு ஆயத்தை மனனம் செய்தால் ஒரு மிட்டாய், ஒரு சூரா முடித்தால் ஒரு சாக்லேட். வருடக்கணக்காக நான் வைத்திருந்த வழக்கம் அது. பிள்ளைகளை குர்ஆன் மீது ஆசைப்பட வைக்கிறேன் என்றுதான் நினைத்தேன். குர்ஆனை ஓதுகிற பல்லையே அரித்துக்கொண்டிருந்ததில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அந்த டப்பாவை அன்றே எடுத்துவிட்டேன். ஆனால் அந்த நான்கு பற்களை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

"பால்பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று சொல்வீர்கள். பால்பல்லும் வலிக்கும். இரவெல்லாம் அழவைக்கும். சாப்பிட விடாது, ஓத விடாது. சொத்தை வேர் வரை போனால், அடியில் வளர்ந்துகொண்டிருக்கும் நிலையான பல்லையும் பாதிக்கலாம். பால்பல் நேரத்துக்கு முன்பே போய்விட்டால், பின்னால் வரும் பல் வரிசை கோணலாகவும் கூடும்.

ஒரு பல்லின் விலை

அன்பானவர்களே! நம் ஷரீஅத் ஒரு பல்லுக்கு என்ன மதிப்பு வைத்திருக்கிறது? ஒரு மனிதர் இன்னொருவரின் பல்லைப் போக்கிவிட்டால், அதற்கான நஷ்டஈடு ஐந்து ஒட்டகங்கள் என்று அபூதாவூத், நஸாயீ ஆகிய நூல்களில் ஹதீஸ் வந்திருக்கிறது. ஓர் உயிருக்கே நஷ்டஈடு நூறு ஒட்டகங்கள். இருபது பற்களுக்கான நஷ்டஈட்டைக் கூட்டிப் பாருங்கள், ஓர் உயிரின் கணக்கு வந்துவிடும்!

அடுத்தவர் உடைத்தால் ஐந்து ஒட்டகம் கேட்கலாம். நம் பிள்ளையின் பல்லை நாமே கொஞ்சம் கொஞ்சமாக அழித்தால் யாரிடம் போய்க் கேட்பது? அத்தகாஸுர் சூராவின் கடைசி வசனத்தில், நாம் அனுபவித்த அருட்கொடைகளைப் பற்றி அந்த நாளில் விசாரிக்கப்படுவோம் என்று அல்லாஹ் எச்சரிக்கிறான். பல்லும் அந்த விசாரணையில் வரும்.

வாய்க்குள் என்ன நடக்கிறது?

பல்லின் மேல் ஓர் உறை இருக்கிறது. எனாமல், தமிழில் பற்சிப்பி. மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். எலும்பைவிடக் கடினம். அதன் எடையில் சுமார் 96 சதவீதம் தாதுப்பொருள், பெரும்பாலும் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகம். ஆனால் அதில் ஒரு விஷயம் இருக்கிறது. எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் ஆறும். எனாமலுக்குள் உயிருள்ள செல் எதுவும் கிடையாது. அதை உருவாக்கிய செல்கள், பல் வெளியே வந்ததும் மறைந்துவிடுகின்றன. உடைந்தால், குழி விழுந்தால், திரும்ப வளராது. ஆயுள் முழுவதற்கும் ஒரே தடவை கொடுக்கப்பட்ட அமானிதம் அது.

பல்லின் மேல் நாக்கை ஓட்டிப் பாருங்கள். காலையில் எழுந்ததும் வழவழப்பாக, பிசுபிசுப்பாக ஒரு படலம் தெரியும். பற்படலம் என்று அதற்குப் பெயர். அது வெறும் உணவு மிச்சம் இல்லை. கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கும் ஊர். 1683-ல் ஹாலந்து நாட்டைச் சேர்ந்த லீவன்ஹூக் என்பவர், தாமே செய்த உருப்பெருக்கியால் தம் பல்லிடுக்கில் இருந்த அழுக்கைப் பார்த்து, உள்ளே சின்னஞ்சிறு உயிர்கள் நெளிகின்றன என்று லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். பிறகு 1924-ல் கிளார்க் என்ற ஆய்வாளர், சொத்தைப் பற்களில் இருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்று அதற்குப் பெயர் வைத்தார். பல்லை அரிப்பவற்றில் முக்கியமான ஒன்று அது.

நாம் சர்க்கரை சாப்பிட்டால் அதுவும் சாப்பிடுகிறது. சாப்பிட்டு இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, அந்தச் சர்க்கரையிலிருந்தே பசை போன்ற ஒரு பொருளைத் தயாரித்துப் பல்லில் கெட்டியாக ஒட்டிக்கொள்கிறது. இரண்டு, அமிலத்தைக் கழிக்கிறது. பாலைத் தயிராக்கும் அதே லாக்டிக் அமிலம்தான். அந்த அமிலம் பற்படலத்துக்கு அடியில் தேங்கி, எனாமலில் இருந்து கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கரைத்து இழுக்கிறது. அமிலத்தன்மையை பி.எச். என்ற அளவால் சொல்வார்கள். சாதாரணமாக வாயில் அது 7-ஐ ஒட்டி இருக்கும். சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும்.

இங்கேதான் அல்லாஹ்வின் ரஹ்மத்தைப் பார்க்க வேண்டும். எனாமல் தானாக வளராது என்றேன். ஆனால் அதைக் காக்க ஒரு காவலாளியை அல்லாஹ் வாயிலேயே வைத்திருக்கிறான். உமிழ்நீர்! நாம் அருவருப்பாக நினைக்கிற எச்சில்தான். அது அமிலத்தைக் கழுவுகிறது, முறிக்கிறது. கரைந்துபோன கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் திரும்பக் கொண்டுவந்து எனாமலில் படிய வைக்கிறது. 1940-களில் ஸ்டீபன் என்ற அமெரிக்க ஆய்வாளர், சர்க்கரைக் கரைசலால் வாயைக் கொப்பளிக்கச் செய்து, பற்படலத்தின் அமிலத்தன்மையை அளந்தார். சில நிமிடங்களிலேயே பி.எச். கிடுகிடுவென்று இறங்கியது. பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆனது.

சகோதரர்களே, இன்றைய உரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: பல்லுக்குத் தேவை இடைவெளி. அரிப்பும் உண்டு, ஆறுதலும் உண்டு. ஆறுவதற்கு நேரம் கொடுத்தால் பல் பிழைக்கும். கொடுக்காவிட்டால் அழியும்.

நம் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள்

காலை 6 மணிக்கு வீட்டில் ஒரு டீ. வண்டலூர் ஸ்டேஷன் வாசலில் ரயிலுக்கு முன் இன்னொரு டீ. அலுவலகத்தில் 11 மணிக்கு டீயும் பிஸ்கட்டும். மதியம் சாப்பாட்டுக்குப் பின் ஒரு இனிப்பு. 4 மணிக்கு டீயும் கேக்கும். கிளாம்பாக்கத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ஒரு குளிர்பானம். இரவு படுக்கும்முன் சர்க்கரை போட்ட பால். ஏழு தடவை ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் என்றால், மூன்றரை முதல் ஏழு மணி நேரம் நம் பல் அமிலத்தில் ஊறுகிறது. குளிர்பானத்தை மேசையில் வைத்து ஒரு மணி நேரம் உறிஞ்சிக்கொண்டே இருந்தால், அந்தக் கணக்கு இன்னும் நீளும்.

சர்க்கரை எத்தனை தடவை என்பது எவ்வளவு முக்கியம் என்று உலகுக்குத் தெரியவந்த விதம் மனதைப் பிசைவது. ஸ்வீடன் நாட்டின் லுண்ட் நகரில் விபெஹோம் என்று ஒரு காப்பகம். மனவளர்ச்சி குன்றியவர்கள் அங்கே வாழ்ந்தார்கள். 1945 முதல் 1953 வரை அங்கே நடந்த பல் ஆய்வில், அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பல்லில் ஒட்டிக்கொள்ளும் டாஃபியை, சாப்பாட்டுக்கு இடையிடையே, ஒரு நாளில் பல தடவை கொடுத்தார்கள். சாப்பாட்டோடு சர்க்கரை எடுத்தவர்களுக்குப் பாதிப்பு குறைவாக இருந்தது. இடையிடையே டாஃபி தின்றவர்களின் பற்கள் பாழாயின. அந்த மக்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லத் தெரியாதவர்கள். இன்று உலகமே அதை அநீதி என்று சொல்கிறது.

அதைக் கேட்டு நமக்குக் கோபம் வருகிறது, இல்லையா? சரி, தொட்டிலில் கிடக்கும் குழந்தை அழுகிறது என்று சர்க்கரை போட்ட பால் புட்டியை வாயில் வைத்துத் தூங்க வைக்கிறோமே, அந்தக் குழந்தையிடம் நாம் சம்மதம் கேட்டோமா? தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது மிகவும் குறைந்துவிடும். காவலாளி இல்லாத நேரம் பார்த்து, இரவெல்லாம் இனிப்பு மேல்பற்களில் தேங்கி நிற்கிறது. அந்தப் பையனுடைய நான்கு முன்பற்களும் அப்படித்தான் கரையத் தொடங்கியிருக்கின்றன. மீதியை என் மிட்டாய் டப்பா செய்தது.

நபி வழியில் வாய்

இனி நம் நபி (ஸல்) அவர்களைப் பாருங்கள். ஹிஜ்ரி 7-ல் கைபருக்குப் போகும் வழியில், ஸஹ்பா என்ற இடத்தில் அஸர் தொழுதுவிட்டு உணவு கொண்டுவரச் சொன்னார்கள். இருந்தது ஸவீக் மட்டும்தான். வறுத்து அரைத்த தானிய மாவு. பல்லில் அப்பிக்கொள்ளும் உணவு. அதைத் தண்ணீரில் நனைத்துச் சாப்பிட்டார்கள். மஃரிபுக்கு எழுந்தபோது உளூ இருந்தது. ஆனாலும் வாயைக் கொப்பளித்தார்கள், தோழர்களும் கொப்பளித்தார்கள், பிறகு தொழுதார்கள். ஸுவைத் பின் நுஃமான் (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரியில் இருக்கிறது. இன்னொரு முறை பால் அருந்திவிட்டு, அதில் கொழுப்பு இருக்கிறது என்று காரணம் சொல்லி வாயைக் கொப்பளித்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள்.

மிஸ்வாக்கைப் பற்றி ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிப்பதைக் கேளுங்கள். அது வாயைச் சுத்தப்படுத்துவது, ரப்பின் பொருத்தத்தைப் பெற்றுத் தருவது. வீட்டுக்குள் நுழைந்தால் நபி (ஸல்) அவர்கள் முதலில் செய்தது மிஸ்வாக். இரவில் எழுந்தாலும் மிஸ்வாக் என்று ஹுதைஃபா (ரலி) சொல்கிறார்கள். உம்மத்துக்குச் சிரமமாகிவிடுமே என்ற அச்சம் இல்லாவிட்டால், ஒவ்வொரு தொழுகைக்கும் அதைக் கட்டாயமாக்கியிருப்பேன் என்ற கருத்தில் சொன்னார்கள். வஃபாத்தின் நேரத்தில்கூட, அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் கையில் இருந்த மிஸ்வாக்கின் மீது நபியவர்களின் பார்வை போனது. ஆயிஷா (ரலி) அதை வாங்கி மென்று மிருதுவாக்கிக் கொடுக்க, பல் துலக்கினார்கள். உலகை விட்டுப் பிரியும் நேரத்திலும் விட்டுவிடாத சுன்னத்தை, நாம் தூக்கம் வருகிறது என்பதற்காக விட்டுவிடுகிறோம்.

நம் தமிழ் முன்னோரும் ஆலங்குச்சி, வேலங்குச்சி என்று வைத்திருந்தவர்கள்தான். அரபு நாட்டில் அராக் மரம். நோக்கம் சுத்தம். சொரசொரப்பாகத் தேய்த்துச் சுத்தம் செய்யும் எந்தப் பொருளாலும் அந்த நன்மை கிடைக்கும் என்று மார்க்க அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். அதனால் பிரஷ்ஷா, மிஸ்வாக்கா என்று சண்டை வேண்டாம். தொழுகைக்கு மிஸ்வாக் வையுங்கள். காலையும் இரவும் ஃப்ளோரைடு பேஸ்ட்டால் துலக்குங்கள். கரைந்த எனாமலில் தாது திரும்பப் படிய அந்த ஃப்ளோரைடு உதவுகிறது.

"அப்படியானால் இனிப்பே கூடாதா?" என்று கேட்காதீர்கள். நபி (ஸல்) அவர்களுக்கு இனிப்பும் தேனும் பிடிக்கும் என்று ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். அல்லாஹ் ஹலாலாக்கியதை நான் ஹராமாக்க முடியாது. உண்ணுங்கள், பருகுங்கள், வரம்பு மீறாதீர்கள் என்பதுதான் அஃராஃப் சூராவின் போதனை.

கல்பிலும் ஒரு படலம்

அன்பானவர்களே! ஒரு அடியான் பாவம் செய்தால் அவன் கல்பில் ஒரு கரும்புள்ளி விழுகிறது. தவ்பா செய்து விலகினால் அது துடைக்கப்படுகிறது. திரும்பத் திரும்பச் செய்தால் புள்ளி பெருகிக் கல்பையே மூடிவிடுகிறது என்று திர்மிதியில் ஹதீஸ் வருகிறது. முதஃப்பிஃபீன் சூரா சொல்லும் துரு அதுதான்.

பல் சொத்தையும் முதல் நாளே குழியாக வருவதில்லை. முதலில் சுண்ணாம்பு போல ஒரு வெள்ளைப் புள்ளி. வலி இருக்காது. அந்த நிலையில் கவனித்தால் அதைத் தடுத்து நிறுத்தலாம், திரும்பக் கெட்டிப்படவும் வாய்ப்பு உண்டு. விட்டுவிட்டால் குழி. குழி விழுந்த பிறகு தானாக மூடாது. மருத்துவர்தான் அடைக்க வேண்டும்.

பற்படலத்தைத் தினமும் துடைத்தால் போய்விடும். விட்டால் இறுகிக் காரையாகிவிடும். பிறகு பிரஷ்ஷுக்கு அசையாது. பாவமும் அப்படித்தான். ஒரு பொய், ஒரு புறம், ஒரு தப்பான பார்வை, சின்னதுதானே என்று விடுகிறோம். பல்லை அரிப்பதும் ஒரு மூட்டை சர்க்கரை இல்லை. "ஒரே ஒரு மிட்டாய்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிற அந்த வார்த்தைதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. போன எனாமல் திரும்பாது. துருப்பிடித்த கல்போ, கடைசி மூச்சு தொண்டைக்கு வரும்வரை தவ்பாவால் வெளுக்கும். ஐந்து வேளைத் தொழுகை என்கிற இடைவெளியை அல்லாஹ் அதற்காகவே தந்திருக்கிறான்.

எனக்கும் உங்களுக்கும் அல்லாஹ்விடம் பாவமன்னிப்புத் தேடுகிறேன். நீங்களும் தேடுங்கள். அவன் மன்னிப்பவன், கருணையாளன்.

இரண்டாம் உரை

அல்லாஹ்வைப் புகழ்ந்து, நபியின் மீது ஸலவாத் சொன்னபின், செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டுக்குப் போய்க் குடும்பத்தாரிடமும் சொல்லுங்கள்.

ஒன்று: இனிப்பு சாப்பிடுவதானால் சாப்பாட்டோடு சாப்பிடுங்கள். இடையிடையே வேண்டாம். டீயில் சர்க்கரையைக் குறையுங்கள். ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை சுமார் 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. 300 மில்லி குளிர்பானம் ஒன்றிலேயே சுமார் 30 கிராம் இருக்கிறது. போதாததற்கு அந்தப் பானமே அமிலம்.

இரண்டு: எதைச் சாப்பிட்டாலும் உடனே வாய் கொப்பளியுங்கள். உளூவில் கொப்பளிப்பதையும் கடமைக்காக நனைத்துத் துப்பாமல் நன்றாகச் செய்யுங்கள். குளிர்பானம், எலுமிச்சை சர்பத் போன்ற புளிப்பைக் குடித்தால் முதலில் தண்ணீரால் கொப்பளித்து, அரை மணி கழித்துத் துலக்குங்கள். இளகிய எனாமலை உடனே தேய்க்காதீர்கள்.

மூன்று: இரவு துலக்கிய பிறகு தண்ணீரைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். குழந்தைக்குப் புட்டியோடு தூக்கம் வேண்டாம். மூன்று வயதுக்குக் கீழே அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு பேஸ்ட் போதும். ஏழெட்டு வயது வரை நீங்களே துலக்கிவிடுங்கள். உங்கள் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி உங்களிடம் கேட்கப்படும்.

நான்கு: ரமளானில் கவனம். பகலில் வாய் வறண்டிருக்கும். நோன்பு திறந்ததும் சர்பத், ரோஸ் மில்க், ஜிலேபி என்று ஸஹர் வரை வாய் ஓய்வதில்லை. பேரீச்சம்பழமும் தண்ணீரும் சுன்னத். பேரீச்சையும் ஒட்டக்கூடியதுதான், கொப்பளித்துவிட்டு மஃரிபுக்கு நில்லுங்கள். நோன்பாளி மதியத்துக்குப் பிறகு மிஸ்வாக் செய்யலாமா என்பதில் ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஸஹர் முடித்து ஃபஜ்ருக்கு முன் பல் துலக்குவதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஐந்து: வலி வரும்வரை காத்திருக்காதீர்கள். பணம் இல்லை என்று மறைக்காதீர்கள். நமக்குப் பக்கத்திலேயே ரத்தினமங்கலத்திலும் பொத்தேரியிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. 1953-ல் தொடங்கப்பட்ட அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. வண்டலூரில் ரயில் ஏறினால் அங்கேயே போய் இறங்கலாம். மேல்பல்லில் வெள்ளைப் புள்ளி தெரிகிறதா என்று இன்றைக்கே பிள்ளைகளின் உதட்டைத் தூக்கிப் பாருங்கள்.

மக்தபில் இப்போது மிட்டாய் கிடையாது. மனனம் செய்தால் ஒரு பென்சில், ஒரு நோட்டு, சில நாள் ஒரு மிஸ்வாக். முதல் வாரம் முணுமுணுத்தார்கள், இப்போது பழகிவிட்டார்கள். அந்தப் பையனுக்கு முன்பல் முளைக்கத் தொடங்கியிருக்கிறது. ஃபா இன்னும் முழுதாக வரவில்லை. வரும், இன்ஷா அல்லாஹ். அந்தப் பல் நிலைப்பது இனி நம் கையிலும் இருக்கிறது.

யா அல்லாஹ்! நீ தந்த உடலை அமானிதமாகப் பேணும் தவ்ஃபீக்கைத் தருவாயாக. எங்கள் நாவையும் வாயையும் உன் வேதத்துக்காகத் தூய்மையாக வைப்பாயாக. அறியாமல் எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் செய்த தீங்குகளை மன்னிப்பாயாக. எங்கள் கல்புகளில் படிந்த துருவைத் துடைப்பாயாக. நோயாளிகளுக்கு ஷிஃபாவைத் தருவாயாக. எங்கள் பெற்றோருக்கும், எங்களுக்கு முன் மரணித்த முஃமின்கள் அனைவருக்கும் ரஹ்மத் செய்வாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.